தாயில்பட்டியில் திறந்த சிலிண்டர்

போன வாரம் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து ஒரு வாடை வந்தது. பேப்பரை வீசிவிட்டு ஓடினேன். ரெகுலேட்டரை மூடினேன், சன்னலைத் திறந்தேன், கொல்லைக் கதவைத் திறந்தேன், "எந்தச் சுவிச்சையும் தொடாதே" என்று மனைவியை அதட்டினேன். அவள் கையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் உடைத்த முட்டை. "முட்டை அழுகிப்போச்சு. அதுக்கு எதுக்கு இம்புட்டுக் கூத்து?" என்றாள். திரும்பி வந்து பேப்பரைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆனால் என் மூக்கைக் குறை சொல்ல முடியாது. கேஸுக்கு என்று சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகின முட்டை போன்ற அந்த நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். இதை எத்தனை ஊர்களில் எத்தனை பெண்கள் முன்னால் சொல்லியிருப்பேன்! அதுதான் என் முதல் வேலை. திருத்தங்கல் பக்கம் ஒரு கேஸ் ஏஜென்சியில் சேர்ந்திருந்தேன். கிராமங்களுக்கெல்லாம் புதிதாக இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அடுப்பைப் பத்திரமாகப் பயன்படுத்துவது எப்படி என்று செய்து காட்டுவது என் பொறுப்பு. நாற்பது நிமிஷப் பேச்சு, ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். பளபளவென்று ஒரு பாலியஸ்டர் சட்டை. என்னைப் பார்த்தால் எனக்கே மரியாதையாக இருக்கும்.

சிவகாசி சுற்றுவட்டாரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இணைப்பு வாங்கிக்கொள்வார்கள், அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். சிலிண்டர் மூலையில் குங்குமப் பொட்டோடு நிற்கும். வெளியே விறகடுப்பு புகைந்துகொண்டிருக்கும். தாயில்பட்டியில் அன்னத்தாய் என்கிற அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "பகல் பூரா மருந்தோட கெடக்கோம். வீட்லயும் ஒரு குண்டை வச்சுக்கிட்டுத் தூங்கச் சொல்றீகளா?" அவர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தோடு வேலை பார்த்தவர்.

அந்தப் பயத்தைப் போக்க அதே ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். மாரீஸ்வரி என்ற பெண்ணின் வீடு. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. வலது முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. நான் உள்ளே நுழைந்ததுமே என் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "நெருப்பைப் பத்திப் பேச வந்தவுக உரசுனாப் பொறி தட்டுற இந்தத் துணியவா போட்டுட்டு வருவீக? எங்க கம்பெனில கேட்டுக்குள்ளயே விடமாட்டாக." பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

சின்ன அறை. இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், வால்வுக்குள் வாசர் என்கிற ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் சோப்புத் தண்ணி தடவினால் குமிழி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும், தீக்குச்சியைக் கொளுத்திவிட்டுத்தான் அடுப்பின் திருகைத் திறக்க வேண்டும், படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூட வேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தேன். ரெகுலேட்டர் மாட்டும் இடம் வந்தது. புதுச் சிலிண்டரின் சீலை உடைத்து, மூடியின் நூலை அறுத்து, மூடியை ஒரு தோரணையோடு எடுத்தேன்.

புஸ்ஸென்று பீறிட்டது. வால்வு பழுது. ஒரு நொடியில் அறை முழுக்க அந்த நாற்றம்.

நாற்பது நிமிஷப் பேச்சில் ஒரு வரிகூட என் மண்டையில் இல்லை. நாற்றம் வெளியே போகட்டும் என்று, நம்புங்கள், நான் ஃபேன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

மாரீஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சுவிச்சத் தொடாதீக!"

அதற்குள் கூட்டம் எழுந்து வாசலில் முட்டியது. அவள் குரல் உயரவில்லை. "ஓடாதீக. பாதிப் பேரு முன்வாசல், பாதிப் பேரு கொல்லை வாசல். அன்னத்தாய் அக்கா, வெளிய அடுப்பு எரியுது, மண்ணை அள்ளிப் போட்டு மூடுங்க. தண்ணி தெளிச்சாக் கங்கு பறக்கும்." தினமும் கம்பெனியில் செய்கிற காரியம் போலப் பெண்கள் இரண்டு பக்கமும் பிரிந்து நடந்தார்கள். முன்வாசலுக்கு வெளியே, பத்தடி தூரத்தில், அந்த விறகடுப்பு தகதகவென்று எரிந்துகொண்டிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"மூடி எங்க?" என்றாள்.

தரையில் தேடினேன். பாய்க்கு அடியில் தேடினேன்.

"சார், ஒங்க சட்டைப் பையில இருக்கு."

இருந்தது. எடுத்து வால்வின் மேல் வைத்து அழுத்தினேன். சத்தம் அடங்கியது. இருவரும் சேர்ந்து சிலிண்டரைத் தூக்கிப்போய் ஊருக்கு வெளியே பொட்டலில் வைத்தோம். திரும்பி வந்ததும் கேட்டாள்: "இந்தக் கேஸு மேல போகுமா, கீழ கெடக்குமா?" "கீழதான்" என்றேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் சொன்ன ஒரே சொல் அதுதான். ஒருத்தி பிளாஸ்டிக் முறத்தை நீட்டினாள். "அதுவும் பொறி தட்டும், ஓலை முறத்தக் குடு" என்று வாங்கி, குனிந்து தரையோடு தரையாக வாசல் பக்கம் விசிறினாள். நாற்றம் துளிகூட இல்லாமல் போகிறவரை யாரையும் உள்ளே விடவில்லை.

அன்னத்தாய் அடுப்பை மூடிய மண் கையோடு வந்து நின்றார். "இனி ஒரு சிலிண்டரும் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. எல்லாத்தையும் ஏத்திட்டுப் போங்க." மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நான் ஏஜென்சி வண்டியின் சாவியைத் தேடினேன். மறுபடி வரவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாரீஸ்வரி வழியை மறித்தாள். "வண்டில இன்னொரு சிலிண்டர் இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க."

"வேணாம்மா" என்றேன்.

"நீங்க இப்பப் போனீகன்னா இவுக சாகுற வரைக்கும் புகையிலதான் கெடப்பாக. எடுத்துட்டு வாங்க சார்."

அந்தச் சிலிண்டரை வெளியிலேயே வைத்துத் திறந்தோம். வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரை மாட்டி, சோப்புத் தண்ணியைத் தடவி, குமிழி வருகிறதா என்று எல்லாரையும் வரிசையாகக் குனிந்து பார்க்க வைத்தாள். வரவில்லை. உள்ளே கொண்டுபோய் அடுப்பில் இணைத்தாள். எங்கள் எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக நின்று தீக்குச்சியைக் கிழித்தாள். அந்தக் கையில்தான் தழும்பு. நீலமாகத் தீ பிடித்தது. இருபது பேருக்கும் கட்டங்காப்பி போட்டாள். முதல் டம்ளரை அன்னத்தாயிடம் கொடுத்து, "குத்தம் கேஸு மேல இல்லக்கா. வெளிய வச்சுப் பாக்காம உள்ள திறந்தோம்ல, அதுதான் குத்தம்" என்றாள். திறந்தவன் நான். அவள் "திறந்தோம்" என்றாள்.

அன்னத்தாய் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "எம் வீட்டுக்கும் வந்து மாட்டிட்டுப் போங்க தம்பி" என்றார்.

கிளம்பும்போது மாரீஸ்வரியிடம், எப்படி இவ்வளவு நிதானம் என்று கேட்டேன். "எங்க கம்பெனில ஒரு தடவ தீ பிடிச்சப்ப எல்லாரும் ஒரே வாசலுக்கு ஓடுனோம். நான் கீழ விழுந்துட்டேன்" என்று முழங்கையைக் காட்டினாள்.

நான் ஏஜென்சிக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பேச வேண்டிய ஆள் நானில்லை, அந்தப் பெண்தான் என்றும் சொன்னேன். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அதன் பிறகு ஆமத்தூர் வரை எத்தனை கூட்டம்! அவள் பேசுவாள், நான் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு சிலிண்டர் தூக்குவேன். ஒவ்வொரு ஊரிலும், "மூடியைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் தரையெல்லாம் தேடுனவுக இவுகதான்" என்று என்னைக் காட்டித்தான் ஆரம்பிப்பாள். கூட்டம் சிரிக்கும். சிரித்த ஊரில் பயம் பாதி போய்விடும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம், என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்ததுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தாயில்பட்டி போயிருந்தேன். மாரீஸ்வரி மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டாளாம். அந்தக் கூட்டங்கள் இப்போது கிடையாது. வாசலுக்கு வாசல் கரிபிடித்த கல் அடுப்புகள் இல்லை. தெருவில் ஒரு பெண் சிலிண்டரை வெளியில் வைத்துத் திறந்து, குனிந்து வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பழக்கத்தில் அருகே போய், "வாசர் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்க யாரு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். அந்த ஊருக்கு இனி நான் தேவையில்லை. நடையில் ஒரு மிடுக்கோடு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.