வீரபாண்டி காட்டிய பந்து

கமுதிப் பக்கத்து வீரபாண்டி வெல்டிங்கில் சுமார்தான். ஆனால் வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டில் அவன் கைக்குள் வந்த பந்து தப்பியதாக அபுதாபி முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் ஒருத்தரும் சொல்ல முடியாது. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சநஞ்சமில்லை. தூங்கும்போதுகூட அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவான்!

துபாய் மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் என்று கம்பெனி ஓசி டிக்கெட் கொடுத்து, பஸ் வைத்து அழைத்துப் போனது. காலியாகக் கிடக்கும் இருக்கைகளை நிரப்ப வேண்டுமே! அன்றைக்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டம் மாதிரி வேடம். காசு வாங்கி ஆடுகிற ஆட்டக்காரர்கள் தொளதொளவென்று கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். பந்துகூடப் பழைய காலத்துப் பழுப்புத் தோல்.

பிரதீஸ் என்ற யாழ்ப்பாணத்துப் பையன் ஓங்கி ஓர் அடி அடித்தான். பந்து வேலியைத் தாண்டி நேரே வீரபாண்டியிடம் வந்தது. ஒற்றைக் கையில் பிடித்தான். கூட்டம் எழுந்து கத்தியது. பிடித்ததும் என்ன செய்வான்? கிரிக்கெட்காரன் செய்வதைத்தான் செய்தான். மைதானத்துக்குள் வீசி எறிந்தான்.

"அட கிறுக்கா!" பக்கத்திலிருந்த கேம்ப் கூட்டாளி நுஃமான் தலையில் அடித்துக்கொண்டான். "இங்க பிடிச்சவனுக்குத்தான்டா பந்து! உள்ளூர் டீம்காரன் அடிச்சதத் திருப்பி எறிஞ்சா அவன அவமானப்படுத்துற மாதிரி!"

பெரிய திரையில் வீரபாண்டியின் முகம் தெரிந்தது. மைதானமே சிரித்தது. கேம்ப்காரர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். பாவி மனுசனுக்குக் காது மடல்வரை எரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவனைக் கீழே கூப்பிட்டார்கள். கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி இங்கே ஹோம் ரன்; பிரதீஸ் அடித்த முதல் ஹோம் ரன் அது. எறிந்த பந்தை யாரோ ஆடி முடித்த மற்ற பந்துகளோடு வாளியில் போட்டுவிட்டார்கள். எது அது என்று, பிடித்த வீரபாண்டிக்குத்தான் தெரியும் என்று நினைத்தார்கள். கேமரா சுற்றி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் கேம்ப்பே எட்டிப் பார்த்தது.

"அண்ணை, எது எண்டு தெரியுதோ? அம்மாவுக்குக் குடுக்கோணும்" என்றான் பிரதீஸ்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னொரு தடவை சிரிப்பார்களே! வீரபாண்டி மேலாகக் கிடந்த ஒன்றை எடுத்தான்.

"இதேதான் தம்பி. கையில பட்டதுமே தெரிஞ்சிருச்சு."

கை தட்டினார்கள். பிரதீஸ் வாளியை ஒரு கணம் பார்த்தான், பிறகு அவனைக் கட்டிப்பிடித்தான். உடனே வீடியோவில் தாயாரைக் கூப்பிட்டு போனை நீட்டினான்.

"தம்பி, நீங்கள்தானோ பிடிச்சனீங்கள்? நல்லா இருப்பியள் ராசா" என்று அந்த அம்மா அழுதாள்.

"ஆமாங்கம்மா" என்றான் வீரபாண்டி. இப்படி ஒரு கேவலமான "ஆமா"வை அவன் வாழ்க்கையில் சொன்னதில்லை.

கேமரா போனது, கூட்டம் கலைந்தது. பிரதீஸ் வாளியின் அடியிலிருந்து இன்னொரு பந்தை எடுத்தான். அதன் தோலில் கருப்பாக ஒரு தீற்றல்.

"என்ரை மட்டை மட்டும்தான் கறுப்பு அண்ணை. பட்ட இடத்தில சாயம் ஒட்டும். இதுதான் அது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி..."

"எல்லாரும் உங்களைப் பார்த்து ரெண்டாந்தரமும் சிரிக்கிறதுக்கோ?" வீரபாண்டி காட்டிய பந்தை அவன் கையிலேயே வைத்தான். "இது உங்களுக்கு. வைச்சிருங்கோ."

வீரபாண்டியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் பையன் போய்விட்டான்.

பஸ்ஸில் ஏறியதும் விசில் பறந்தது. "உனக்கே குடுத்துட்டானா? ஹீரோடா மாப்ள நீ!" என்று நுஃமான் தோளைத் தட்டினான்.

"நான் பொய் சொன்னேன்டா" என்றான் வீரபாண்டி. "இது அந்தப் பந்தே இல்ல. சிரிப்பீங்களேன்னு பயந்து, அந்தம்மாகிட்டயும் பொய் சொன்னேன்."

"தன்னடக்கத்தப் பாருடா!" என்றான் நுஃமான்.

ஒருத்தரும் நம்பவில்லை. பந்தை அவன் கையிலிருந்து பிடுங்கி, முசஃபா போய்ச் சேரும்வரை மாற்றி மாற்றி செல்ஃபி எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் வீரபாண்டியை நடுவில் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.