ஓர வரிசைப் பொங்கல்

மேடம் சாப்பிட்டு முடித்த வாழை இலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

காலாப்பட்டுக்கு வடக்கே, கடலோரத்தில் இருந்தது எங்கள் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆராய்ச்சி மையம். கிணறு உப்புக்கரித்து, நட்ட பயிர் கருகிப்போன விவசாயிகளுக்காகத் தொடங்கியது. அதன் தலைவரைத்தான் மேடம் என்கிறேன். நான் அவருடைய உதவியாளர். உப்பு நிலத்திலும் விளையும் ஒரு நெல்லை உருவாக்குவதிலேயே அவருக்குத் தலை நரைத்தது. சோதனை வயலில் ஓர வரிசைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே காற்றும் வெயிலும் கூடுதல், பயிர் செழித்து நம்மை ஏமாற்றிவிடும். அந்த ஓரத்து நெல்லைத்தான் அறுவடை முடிந்ததும் அரைத்து மையத்திலேயே பொங்கல் வைப்போம். உள்வரிசை நெல் விதைக்கு. அதில் ஒரு மணியை யாராவது கொறித்தால்கூட மேடம் சத்தம் போடுவார். "மேடத்துக்கு நெல்லுதான் புள்ள" என்று வயலில் வேலை செய்த பெண்கள் அவர் காதுபடவே கேலி பேசுவார்கள்.

பிறகு மையத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. விதை வைக்கும் குளிர் அறை எப்போதோ பழுதாகிக் கிடந்தது. மிஞ்சியது மேடம் அறையில் இருந்த ஒரே விதைநெல் மூட்டைதான். அதை வாங்கி வளர்க்க ஆள் தேடி அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கடைசி நாள் காலையில்தான் வெளியூர் நிலையம் ஒன்று சம்மதித்தது. லாஸ்பேட்டை வீட்டிலிருந்து என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வாசலிலேயே பொங்கல் மணத்தது. அந்த வருஷம் ஓர வரிசைகளை மாடு மேய்ந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வயலாட்களின் மேஸ்திரியம்மா ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூடப் போறாங்க, இனிமே வெத எதுக்கு மேடம்? உங்க ரூம்ல இருந்தத மில்லுல அரைச்சிட்டு வந்துட்டோம். நீங்க சாப்புடாம போவக் கூடாது."

"முழுசுமா?"

"முழுசும்தான். எல்லாருக்கும் வேணும்ல?"

நான் வாய் திறக்குமுன் மேடம் என் மணிக்கட்டை அழுத்தினார். "எல போடும்மா" என்று உட்கார்ந்தார்.

வெளியூர் நிலையத்தின் சம்மதத்தை அவர் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். மையம் இருந்த இடத்தில் இப்போது மதில் மட்டும் நிற்கிறது. சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு அப்படியேதான் இருக்கிறது. அவரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் கனகசெட்டிக்குளம் பஸ் நிறுத்தத்தில் மேஸ்திரியம்மாவைப் பார்த்தேன். கண் கலங்கிப்போய்ச் சொன்னார்: "அன்னிக்கு மேடம் எவ்ளோ ஆசையா சாப்ட்டாங்க! எலயில ஒரு பருக்க மிச்சம் வெக்கல, பாத்தியா?"

"பாத்தேன்க்கா" என்றேன்.