மலர்க்கா வேனுக்கு பவர் ஸ்டேரிங் மாட்டுன கதை

ஒரு கார்ல இருந்து கரண்ட்டு பவர் ஸ்டேரிங்க கழட்டி இன்னொரு பழைய வண்டில மாட்டறது ஒரு வேலையே இல்ல. மாட்டுன பொறவு அந்த வண்டிக்காரங்க கை அதுமேல படாம பாத்துக்கறதுதான் வேலை.

நான் எட்டாங்கிளாஸு தாண்டாதவன். காஞ்சிபுரத்துல ஒரு ஷெட்டு போட்டுகினு இதையே பொழப்பா வச்சிருக்கிறேன். பின்னாடி லாரி மோதி அப்பளமா போன காரு வரும். முன்பக்கம் புதுசாட்டம் இருக்கும். ஸ்டேரிங் ராடு, அதுங்கூட ஒட்டிகினு ஒரு மோட்டாரு, அதுக்கு மூளையாட்டம் ஒரு டப்பா, இந்த மூணையும் உருவி, பவர் ஸ்டேரிங்கே இல்லாத வண்டில மாட்டுவேன். மிக்ஸி ரிப்பேரோ தையக்கடையோ, ஊரான் சாமானுல கை வச்சி பொழைக்கற அத்தினி பேருக்கும்தான் இத சொல்றேன். படிச்சிட்டு நீங்களும் என்கூட சேந்து பல்ல கடிங்க.

தகடு வச்ச கை

மலர்க்காவுக்கு அம்பது வயசு இருக்கும். பிள்ளையார்பாளையத்துல சாயம் போட்ட பட்டு நூல வேன்ல ஏத்திகினு ஐயம்பேட்டை, திருப்புட்குழின்னு தறி வச்சிருக்கற வீடு வீடா போயி எறக்கும். சொந்த வேன், தானே டிரைவர். அந்த வேன் ஸ்டேரிங்க திருப்பறதுக்கு மாவாட்டலாம், அது சுளுவு. அப்படி இருக்க சொல்ல, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடைஞ்சி, உள்ள தகடு வச்சி ஸ்க்ரூ போட்டுட்டாங்க.

இனிமே இந்த ஸ்டேரிங்க திருப்புனா கைய மறந்துடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு பொறவும் மூணு மாசம் ஓட்டிட்டுதான் என்கிட்ட வருது. எனக்கு வந்த கோவத்துக்கு, ஒரு டிரைவர போட்டா இன்னா கொறஞ்சா போயிடுவன்னு கேட்டேன். மலர்க்கா வண்டி சாவிய என் மேஜை மேல வச்சிச்சி.

"கை போனா கூட பரவால்ல மணி, என் வண்டிய வேற எவனோ ஓட்டிகினு போறத வாசல்ல நின்னு பாக்க சொல்லாத."

மூளை மாறுன சரக்கு

ஸ்டேரிங் வாங்க பழைய சாமான் கடைக்கு போனேன். கடைக்காரன் மோட்டார ஒரு கார்ல இருந்தும், டப்பாவ வேற ஒரு கார்ல இருந்தும் எடுத்து, ஒரே கோணில போட்டு கட்டி குடுத்துட்டான். ஷெட்டுக்கு வந்து, எங்க எலக்ட்ரீசியன் பாஷா பாய் கரண்ட்டு குடுத்து பாக்கறாரு. மோட்டாரு கம்முனு கிடக்குது. திருப்பி எடுத்துகினு போயி, உன் தலைய கழட்டி உன் மச்சான் கழுத்துல வச்சா ஒத்துக்குவாளா உன் பொண்டாட்டின்னு கத்துனேன். கடையில இருந்த அத்தினி பேரும் திரும்பி பாத்தாங்க. அவன் மட்டும் டீ உறிஞ்சிகினே இருந்தான்.

"இதுக்கும் ஒயரு இருக்குது, அதுக்கும் ஒயரு இருக்குது, இன்னும் இன்னாபா வோணும் உனுக்கு?"

நாலு நாளா ஒரு ராடு

ஒருவழியா ஒரே கார்ல இருந்து கழட்டுன மோட்டாரையும் டப்பாவையும் வாங்கிகினு வந்தேன். ஆனா கார் ஸ்டேரிங் ராடு முனையில இருக்கற பல்லு, வேனோட பல்லுல ஒக்காராது. சில பேரு ரெண்டையும் வெட்டி, முட்டுக்கு முட்டு வெல்டிங் அடிச்சி அனுப்பிடுவாங்க. அது என்னிக்கோ ஒரு நாள் விட்டுடுச்சின்னா, கையில வட்டம் மட்டும்தான் இருக்கும், வண்டி அது இஷ்டத்துக்கு போவும். நான் லேத்துல குடுத்து, ரெண்டு பக்கமும் கவ்வற மாதிரி ஒரு கொழாய் கடைஞ்சி, குறுக்கால ஆணி அடிச்சி, அதுக்கு அப்பறம்தான் வெல்டிங் வப்பேன்.

இந்த நாலு நாளும் மலர்க்கா வூட்டுக்காரரு தாமு மாமா என் முதுகுக்கு பின்னாடியே நின்னாரு. தறி நெய்யறவரு. கைய பின்னாடி கட்டிகினு, என் ஒவ்வொரு ஸ்பேனரையும் எடுத்து பாத்து வேற எடத்துல வப்பாரு. பதிமூணாம் நம்பர தேடி தேடியே எனுக்கு பாதி நாள் போச்சி. ஏன் மாமா தறிக்கு போவலியான்னு கேட்டா, பதிலே வேற.

"தறில பாவு நூலு தீந்தா நாங்க புதுசோட ஒவ்வொரு இழையா ஆயிரக்கணக்குல கையாலயே பிணைக்கிறோம், நீ ஒரே ஒரு ராட ஒட்ட நாலு நாளாடா?"

ஒத்த விரலு

வேன் எவ்ளோ ஸ்பீடுல போவுதுன்னு கார் டப்பாவுக்கு தெரியாது. அதனால ஒரு சின்ன திருகாணி வச்சி, இவ்ளோ ஒத்தாசை போதும்னு நாமளே செட்டு பண்ணி வக்கணும். சந்துல லேசா திரும்பணும், ஆனா ரோட்டுல கொஞ்சம் கனம் இருக்கணும். கனமே இல்லன்னா, தும்முனா கூட வண்டி எதிர் பக்கம் போயிடும். மலர்க்கா கைக்கு சரியா வச்சி அனுப்புனேன்.

மறுநாளே மொகம் வெளுத்துப் போயி வந்து நிக்குது. லேசா தொட்டாலே வேன் பாம்பாட்டம் நெளியுதாம். பாத்தா திருகாணி முழுசா திருப்பி கிடக்குது. யாரு வேலைன்னு நான் கேக்கவே இல்ல. செட்டு பண்ணி, பசைய ஊத்தி, திருகாணிய அப்படியே ஒட்டிட்டு, தாமு மாமாவ பாத்தேன். அவரு மோட்டுவளைய பாத்தாரு.

"பெருமாள் தேர ஊரே சேந்து இழுக்க வேண்டியிருக்குது, இதயாவது ஒத்த விரல்ல திருப்பி பாக்கலாம்னு ஒரு ஆசைதான்."

அசல் ஜரிகை

பத்து நாள் நல்லா ஓடுச்சி. அப்பறம் ஒரு நாள் ஐயம்பேட்டையில இருந்து போன். மலர்க்கா ஒரே வார்த்தைதான் சொல்லிச்சி, வா. நானும் பாயும் வண்டிய மிதிச்சிகினு போனோம். வளைவுல பாதி திரும்பும்போது ஸ்டேரிங் திடீர்னு கல்லாட்டம் ஆயி, மணிக்கட்ட பின்னாடி ஒரு இழுப்பு இழுத்திருக்குது. நேரா டீக்கடை பெஞ்ச பாத்து வேன் போயிருக்குது. மலர்க்கா பிரேக் மேல ஏறி நின்னு, ஒரு முழம் இருக்க நிறுத்தியிருக்குது. பெஞ்சுல நாலு பேரு ஒக்காந்திருந்தாங்க. மலர்க்கா கை பூரியாட்டம் வீங்கிகினு இருந்துச்சி. படம் புடிச்சி பாத்துட்டு, தகடு நகரலன்னு டாக்டர் சொன்ன பொறவுதான் எனுக்கு மூச்சே வந்துச்சி.

வேன ஷெட்டுக்கு இழுத்துகினு வந்து, டாஷ்போர்டு அடியில தலைய விட்டேன். ஒயரெல்லாம் ஒன்னா சேத்து, பளபளன்னு ஜரிகைல கட்டியிருக்குது. கட்டுன்னா கட்டு, நெசவுக்காரங்க முடிச்சி, நகத்தால கூட பிரிக்க முடியல. ஒயரு தொங்கி மலர்க்கா காலுல இடிக்குதேன்னு தாமு மாமா செஞ்ச வேலை. வண்டி ஆட ஆட ஜரிகை நுனி பிசிறாகி, கை திருப்பறத டப்பாவுக்கு சொல்ற ஒயரோட சாக்கெட்டுக்குள்ள நொழைஞ்சிருக்குது. உள்ள இருக்கற கம்பிங்கள அது ஒன்னோட ஒன்னு சேத்ததும் டப்பா பயந்து மோட்டார நிறுத்திடுச்சி. பாய் மீட்டர் முள்ள ஜரிகைல வச்சாரு. இதுல கரண்ட்டு பாயும்னு மீட்டரு கீச்சுனு கத்துச்சி.

நானும் கத்துனேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன், இங்க எழுத முடியாது. ஊரெல்லாம் பிளாஸ்டிக்கு ஜரிகை விக்கிது, அத கட்டியிருந்தா கூட ஒன்னும் ஆயிருக்காதே, உனுக்கு எங்க இருந்துயா இது கெடச்சிதுன்னு கேட்டேன். தாமு மாமாவுக்கு அதுலதான் ரோஷம் வந்துச்சி.

"அம்மன் பொடவைக்கு வச்சிருந்த அசல் வெள்ளிடா அது, என் பொண்டாட்டி வண்டிக்கு நான் டூப்ளிகேட்டா கட்டுவேன்?"

ரப்பர் மூடி

மலர்க்கா கைய தொட்டில் கட்டிகினு ஓரமா ஒக்காந்து, எல்லாத்தையும் கேட்டுகினு இருந்துச்சி. மெதுவா கேட்டுச்சி, அந்த கார்ல இருக்கும்போது சாக்கெட்டு இப்படி தொறந்துதான் கிடந்துச்சான்னு. இல்லக்கா, ரப்பர் மூடி இருக்கும்னேன். அது எங்கன்னு கேட்டுச்சி. நான் பாய பாத்தேன், பாய் மீட்டர பாத்தாரு. வேன்ல எடம் பத்தல, மூடி இடிச்சிது, அப்பறம் பாத்துக்கலாம்னு கழட்டி டிராயர்ல போட்டதே நான்தான்.

எல்லாத்தையும் கழட்டிடறேன்க்கா, பழைய ஸ்டேரிங்கையே போட்டுடறேன்னு சொன்னேன். பழசுன்னா நான் வூட்டுல ஒக்காரணும், அதானேன்னு கேட்டுச்சி. சாக்கெட்ட மேல ஏத்தி, மூடி போட்டு, தகடு அடிச்சி மறைச்சேன். மோட்டாரு நின்னா கத்தறதுக்கு ஒரு பஸ்ஸர் வச்சேன். கை ஆறி, ஓட்டலாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கி, என்னையும் தாமு மாமாவையும் வேன்ல ஏத்திகினு, திருப்புட்குழி வரிக்கும் போயி திரும்பி வந்துச்சி. நாங்க ரெண்டு பேரும் கம்பிய புடிச்சிகினு சாமி கும்பிட்டுகினு வந்தோம். ஷெட்டு வாசல்ல எறக்கி விட்டுதான் வாய தொறந்துச்சி.

"ஒருத்தன் மூட மறந்தான், ஒருத்தன் கட்டி அழகு பாத்தான், இனிமே என் வண்டில ரெண்டு பேரும் கை வைக்கறதுன்னா நான் பக்கத்துல நின்னாதான் வைக்கணும்."

இந்த தொழில்ல நான் அடுத்தவங்கள திட்டுன நேரத்துல பாதிய எடுத்திருந்தா, ஊர்ல இருக்கற அத்தினி வண்டிக்கும் ரப்பர் மூடி மாட்டி முடிச்சிருப்பேன்.