நங்கூரம் போடும்வரை

எவாந்தியா படகில் குடியேறியபோது அவளுக்கு வயது அறுபது. நீச்சல் தெரியாது. எட்டு வருடம் கழித்தும் தெரியாது. "விழுறவங்களுக்குத்தான் நீச்சல் வேணும். நான் விழப்போறதில்லை" என்பாள். விழவும் இல்லை.

அதற்கு முன் முப்பத்தொரு வருடம் கிரேக்கத் துறைமுகமான பிரேயஸில் ஒரு முதியோர் வார்டில் வேலை பார்த்தாள். கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது, கடைசியில் கண்ணை மூடிவிடுவது. கணவர் அனெஸ்திஸ் தீவுகளுக்குப் போகும் பயணிகள் கப்பலில் நங்கூரக்காரர். நாற்பது வருடம் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்றார். மேலே இருந்து ஒலிபெருக்கியில் கப்பித்தானின் குரல் வரும். 'ஃபூந்தோ' என்றால் நங்கூரத்தை இறக்க வேண்டும், 'விரா' என்றால் ஏற்ற வேண்டும். சொல்கிற ஆளின் முகம் தெரியாது. முகத்தைப் பார்க்கிற வேலையும் அது இல்லை.

ஓய்வு பெற்றதும் மூன்றாம் மாடி வீட்டை விற்றுப் பதினொரு மீட்டர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார்கள். மிர்சினி என்று அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. பெயரை மாற்றினால் ஆகாது என்று அப்படியே விட்டார்கள். சுக்கானைப் பிடிக்க அனெஸ்திஸ் மறுத்துவிட்டார். "நாப்பது வருஷம் முன்னாடி நின்னவன். பின்னாடி நின்னா எனக்குத் தலை சுத்துது." ஆகவே சுக்கான் எவாந்தியாவுக்கு, நங்கூரம் அவருக்கு. கோடையில் லேரோஸ், லிப்ஸி, பாட்மோஸ், காலிம்னோஸ் என்று தீவு தீவாகப் போவார்கள். குளிர்காலம் லேரோஸில்.

"கப்பித்தானம்மா வந்தாச்சு! உங்க உங்க படகைப் பத்திரமாப் பாத்துக்குங்க!" என்று ஒவ்வொரு துறையிலும் யாராவது கத்துவார்கள்.

"உன் வீட்டுக்காரிய அனுப்பு, கத்துத் தரேன்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

படகில் வாழ்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை, சின்ன வீட்டில் வாழ்வதுதான். வீடு ஆடும், அவ்வளவே. அடுப்பு ஆடினாலும் பாத்திரம் கவிழாதபடி கம்பி போட்டிருக்கும். ஆள் ஒன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரில் குளித்துவிடலாம். ரஸ்க், ஆலிவ், பருப்பு, ஆட்டுப் பாலாடைக்கட்டி, போகிற ஊரில் கிடைக்கும் தக்காளி. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த அலை அதைத் தலையில் போடும்.

ஆறாம் வருடம் அனெஸ்திஸ் உப்பை எடுத்துத் தேநீர்ப் பெட்டியில் வைத்தார். மறுவாரம் மகள் தொம்னாவின் பெயரை மறந்தார். எவாந்தியாவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் மூளையைப் படமெடுத்துக் காட்டியபோது, "தெரியும். எவ்வளவு நாள்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். மருத்துவருக்கு அது தெரியவில்லை.

"இனிமே படகெல்லாம் வேண்டாம். ஒரே வீடு, ஒரே நேரம், ஒரே வழக்கம். அதுதான் நல்லது" என்றார் மருத்துவர்.

ஜெர்மனியில் இருந்த தொம்னாவின் வீட்டில் பத்து நாள் வைத்துப் பார்த்தார்கள். நான்கு அறை, ஏழு கதவு. மூன்றாம் நாள் துணி அலமாரியைத் திறந்து அதற்குள் சிறுநீர் கழித்தார். மாலையானால் வாசலில் நின்று அழுதார். படகுக்குத் திரும்பிய அன்றே அழுகை நின்றது. படகில் கழிவறைக்கு ஒரே கதவு. பிடித்து நடக்கிற கம்பி எல்லாம் கை வைக்கிற இடத்தில் இருக்கிறது. மருத்துவர் கேட்ட ஒரே வீடு, ஒரே வழக்கம் இதைவிட எங்கே இருக்கிறது என்று நினைத்தாள்.

தொம்னா தொலைபேசியில் சண்டை பிடித்தாள். "அம்மா, ஒருநாள் அவர் கடல்ல விழப்போறார். நீயும் கூட விழுவ."

"கட்டி வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அவர் நங்கூரம் போடும்வரை. அது எப்போ முடியலையோ, அன்னிக்கு நானே கொண்டுபோய் விடுறேன். அதுவரைக்கும் நீ வாயை மூடு."

கட்டி வைத்தது உண்மைதான். பாய்மரத்திலிருந்து இடுப்புப் பட்டைக்கு ஒரு கயிறு. அணியம் வரை எட்டும், கடலுக்கு எட்டாது.

"நாய் மாதிரி கட்டுறியா?" என்றார் முதல் நாள்.

"நாய்னா வாலாட்டும். நீ திட்டுற."

கரையில் இறங்கும்போதெல்லாம் நங்கூர மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவாள். அது கீழே அறைக்குள், அவருடைய கயிறு எட்டாத இடத்தில் இருந்தது. இரண்டு வருடத்தில் ஒருமுறையும் தவறியதில்லை.

அவரிடமிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. கரண்டி, செருப்பு, செவ்வாய்க்கிழமை. கடைசியில் 'அது' என்ற ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் சமாளித்தார். ஆனால் சுக்கானிலிருந்து அவள் "ஃபூந்தோ!" என்று கத்தினால், அந்த நொடியில் சங்கிலி இறங்கும். எத்தனை மீட்டர் இறங்கியது என்று கையைத் தூக்கிக் காட்டுவார். அதுவும் சரியாக இருக்கும். ஒவ்வொரு துறையிலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். சங்கிலி இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சை விடுவாள். இன்னும் ஒரு துறை ஆயிற்று என்று கணக்கு.

செப்டம்பர் கடைசியில் லிப்ஸிக்கு வந்தார்கள். அன்றும் சங்கிலி சரியாக இறங்கியது. அவள் பின்னோக்கி ஓட்டிப் படகின் பின்முனையைத் துறைக் கல்லுக்கு அருகில் கொண்டுபோனாள். இரண்டு கயிற்றை எறிந்து கட்டினாள். முன்னால் நங்கூரம் இழுத்துப் பிடிக்க, பின்னால் கயிறு பிடிக்க, படகு கல்லில் படாமல் நடுவில் நின்றது. பக்கத்துப் படகில் ருஸ்தெம் என்ற துருக்கிக்காரனும் அவன் மனைவி முவல்லாவும். போத்ரும் ஊர்க்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது எங்காவது எதிர்ப்படுவார்கள். இருவருக்கும் நல்ல கிரேக்கம் வரும்.

"அப்லா, இவ்வளவு அழகா நங்கூரம் போடுற ஆளை எங்க பிடிச்சீங்க?" என்றான் ருஸ்தெம். அவன் எவாந்தியாவை அக்கா முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவான்.

"நான் பிடிக்கல. எங்கப்பா பிடிச்சுக் குடுத்தார்."

"எனக்கும் ஒருத்தி இருக்கா. விரான்னா எதைன்னு கேக்கறா."

"நீ சொல்றது உன் காதுக்கே கேக்காது. கத்து, செய்யறேன்" என்றாள் முவல்லா, வெங்காயம் நறுக்கியபடி.

மறுநாள் காலை அனெஸ்திஸ் நன்றாக இருந்தார். முகம் கழுவினார். காப்பிப் பாத்திரத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார். அணியத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "நான் இங்க இருக்கேன். நீ போய் ரொட்டி வாங்கிட்டு வா" என்றார். முழு வாக்கியம். நான்கு மாதமாக அவரிடமிருந்து முழு வாக்கியம் வந்திருக்கவில்லை.

வார்டில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு எவாந்தியா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: நோயாளி நன்றாக இருக்கிற நாளில்தான் கீழே விழுவார், ஏனென்றால் அன்றுதான் நீ கையை எடுப்பாய். முப்பத்தொரு வருடம் இதைச் சொன்னவள் அன்று இடுப்புக் கயிற்றை மாட்டினாள், பையை எடுத்தாள், பலகையில் நடந்து கரை இறங்கினாள். கீழே போய்ச் சுவிட்சை அணைக்கவில்லை. மறந்தாள் என்றும் சொல்வதற்கில்லை. படியில் கால் வைக்கப் போனாள். பிறகு, இன்றைக்கு ஒருநாள் இருக்கட்டும் என்று திரும்பிவிட்டாள். அவரை ஒருநாள் புருஷனாக விட்டுவைக்கலாம் என்று தோன்றிவிட்டது.

ரொட்டி வாங்கிய பிறகு மருந்துக்கடையில் அவள் நின்றிருந்தபோது ருஸ்தெம் புறப்பட்டான். முவல்லா அணியத்தில் நின்றாள். சுக்கானிலிருந்து ருஸ்தெம், முந்தின நாள் வாங்கிய கேலியை மனதில் வைத்து, துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"விராஆ!"

கிரேக்கனுக்கும் துருக்கிக்காரனுக்கும் நங்கூரத்தை ஏற்ற ஒரே சொல்தான். முவல்லா பொத்தானை அழுத்தினாள். பக்கத்துப் படகில் அனெஸ்திஸும் எழுந்து காலால் பொத்தானை அழுத்தினார்.

சங்கிலி ஏறிக்கொண்டே இருந்தது. நங்கூரம் சேற்றை விட்டுப் பெயர்ந்தது. மிர்சினியை முன்னால் பிடித்து இழுக்க இப்போது எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து விரைவுக் கப்பல் ஒன்று துறைக்கு வெளியே கடந்தது. அது கிளப்பிய அலை உள்ளே வந்து, படகைத் தூக்கி, பின்புறமாகத் துறைக் கல்லில் அடித்தது.

மருந்துக்கடையில் எவாந்தியாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மரமும் கல்லும் மோதுகிற சத்தம். யார் படகு என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாத்திரையை வாங்காமல் நடந்தாள். ஓடவில்லை. அறுபத்தெட்டு வயதில் துறைக் கல்லில் ஓடினால் படுக்கையில் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

அவள் வந்து சேர்வதற்குள் ருஸ்தெம் தன் படகை முவல்லாவிடம் விட்டுவிட்டு மிர்சினிக்குத் தாவியிருந்தான். சங்கிலியோடு ஏறிவந்த கடற்பாசியைத் தட்டிவிட அனெஸ்திஸ் கையை நீட்டியிருக்கிறார். நாற்பது வருடமாகச் செய்ததுதான். கை நீட்டும்போது பொத்தானிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்பது மட்டும் போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் சங்கிலிக்கும் உருளைக்கும் இடையில் நசுங்கியிருந்தன.

எவாந்தியா விரல்களைப் பார்த்தாள். போனவைதான். துண்டை இறுக்கிக் கட்டி, கையைத் தூக்கிப் பிடித்தாள்.

அனெஸ்திஸின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கலக்கம் இல்லை. "விரா சொன்னார். எடுத்துட்டேன்" என்றார்.

"யார் சொன்னா?"

"கப்பித்தான்."

ருஸ்தெம் கீழே உட்கார்ந்துவிட்டான். "அப்லா, நான் இவகிட்டதான்... முவல்லாகிட்டதான் சொன்னேன். அல்லா மேல ஆணை."

"தெரியும். எந்திரி. அந்தக் கயித்தைப் பிடி, படகு இன்னும் இடிக்குது."

"நான் கத்தாம இருந்திருந்தா..."

"நீ கத்தினதுல தப்பே இல்ல. சுவிட்சை அணைக்காதது நான். இதை இனிமே யார்கிட்டயும் பேசாத. உனக்கும் பிரயோஜனம் இல்ல, எனக்கும் இல்ல."

முவல்லா தன் படகிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். 

லேரோஸ் மருத்துவமனையில் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். இந்த வயதில், இந்த நோயில், மயக்க மருந்து கொடுத்தால் மனிதன் ஒரு படி இறங்கிவிடுவான், திரும்ப ஏற மாட்டான் என்று எவாந்தியாவுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டாள். வேறு வழியும் இல்லை. கண் விழித்தபோது அனெஸ்திஸ் அவளைப் பார்த்து, "தண்ணி குடும்மா, புண்ணியமாப் போகும்" என்றார். வார்டுப் பெண்களிடம் பேசுகிற குரல்.

மிர்சினியை இழுத்துவந்து லேரோஸில் கரையேற்றினார்கள். சுக்கான் அடியோடு ஒடிந்திருந்தது. கரையேற்றிய படகுக்கு ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். பன்னிரண்டு படி. ஒரு நல்ல கையோடு, எது படி எது காற்று என்று தெரியாத ஆளை அதில் ஏற்ற முடியாது. ஒரு நாள் முழுவதும் அந்த ஏணியைப் பார்த்து யோசித்தாள். இடுப்பில் கயிறு கட்டி இழுக்கலாமா, பாயை ஏற்றுகிற உருளையில் தூக்கலாமா என்றெல்லாம் பார்த்தாள். ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகு என்ன? கடல் இல்லாத படகு, நங்கூரம் இல்லாத அனெஸ்திஸ். மாலையில் தொம்னாவைக் கூப்பிட்டாள்.

"கொண்டுபோய் விடுறேன்" என்றாள்.

தொம்னா அந்தப் பக்கம் அழுதாள். "அம்மா, நான் அன்னிக்குச் சொன்னதை வெச்சு..."

"நீ சொன்னதுக்காக இல்ல. நான் சொன்னது. போனை வை."

தீவிலேயே முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. ஆறு கட்டில் போட்ட அறை, ஜன்னல் மலைப் பக்கம். கடல் தெரியாது. தெரிந்திருந்தாலும் வித்தியாசம் இருந்திருக்காது. அங்கே வேலை பார்த்த பெண்ணின் பெயர் க்ரிசாந்தி. முதல் நாள் எவாந்தியாவின் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்கம்மா. ஒரு வாரத்துல பழகிடுவார்" என்றாள்.

இதே வாக்கியத்தை எவாந்தியா எத்தனை மனைவிகளிடம் சொல்லியிருக்கிறாள் என்று கணக்கில்லை. பழகுவதில்லை. சண்டை போடுவதை நிறுத்துவார்கள், அதற்குப் பெயர்தான் பழகுவது. "சரிம்மா" என்றாள். அந்தப் பெண் பாவம், வேறு என்ன சொல்லும்?

நவம்பரில் படகுத் துறையின் மேஸ்திரி ஏணிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தான். "கப்பித்தானம்மா, வசந்தத்துக்குள்ள சுக்கான் போட்டுடலாமா? மரம் சொல்லணும்."

"வேண்டாம்."

"அப்போ அடுத்த வருஷம்?"

"வேண்டாம்னு சொன்னேன்ல. யாராவது கேட்டா வித்துடு."

அவன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். அடுத்த படகுக்குப் போனான்.

எவாந்தியா கரையேறிய படகிலேயே இருந்தாள். காலையில் பன்னிரண்டு படி இறங்குவாள். மதியம் இல்லத்துக்குப் போய் அனெஸ்திஸுக்குத் தானே ஊட்டுவாள். முதுகைப் புரட்டிப் பார்ப்பாள், புண் வருகிறதா என்று. இடுப்பெலும்புக்கு மேல் டிசம்பரில் ஒரு சிவப்பு வந்தது. அழுத்தினால் வெளுக்கவில்லை, புண்ணின் தொடக்கம். க்ரிசாந்தியிடம் காட்டினாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாற்பது பேருக்கு அவள் ஒருத்தி.

ஜனவரியில் ஒருநாள் பருப்புக் கஞ்சி. எவாந்தியா கரண்டியை அனெஸ்திஸின் உதட்டருகில் கொண்டுபோனாள். வாய் திறந்தது. அடுத்த கரண்டிக்கும் திறந்தது. மூன்றாவதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார். தொண்டையைத் தடவிவிட்டாள். விழுங்கினார். நான்காவதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார். எவாந்தியா கால்மணி நேரம் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள். வற்புறுத்தி ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும்.

க்ரிசாந்தி நோட்டோடு வந்தாள். "தாத்தா நல்லாச் சாப்பிட்டாரா? சாப்பிட்டார்னு எழுதிடட்டுமா?"

"நாலு கரண்டி. நேத்து ஆறு" என்றாள் எவாந்தியா, கிண்ணத்தைத் துடைத்தபடி. "நாலுன்னே எழுது."