சுக்கான் திரும்புன மத்தியானம்

நீ சிரிச்சாலும் பரவால்ல நைனா. பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எய்ந்து போற ஆளு நானு. காசிமேட்டுல பொறந்து, போட்டு ரிப்பேர்லயே காலத்த ஓட்டிகினு கீறேன், கரை ஒதுங்குன பொணத்த இந்தக் கையாலயே தூக்கியிருக்கேன், அப்பகூட ராத்திரி நல்லாத்தான் தூங்குனேன்.

இத்தினிக்கும் இது நடந்தது பட்டப்பகல்ல. ராயபுரத்தாண்ட ஒரு யார்டுல பழய பாய்மர போட்டு ஒண்ண கரையேத்தி, முட்டு குடுத்து நிறுத்தியிருந்தாங்க. ஸ்டீரிங் டைட்டா கீது, செக் பண்ணி புச்சா மாத்திக் குடுன்னாரு ஓனரு. மறுநாள் கிரேன் வந்து தண்ணில எறக்கிடும். நானும் எம் பொண்டாட்டியோட அண்ணன், சேகர் மச்சானும் போனோம்.

மேல சக்கரத்த சுத்துனா கம்பி இழுக்கும், பின்னால சுக்கான் திரும்பும், அவ்ளோதான் மேட்டரு. பழய கம்பி துரு புடிச்சி நாரா பிரிஞ்சிருந்திச்சி, காலையிலயே மொத்தத்தையும் கயட்டிட்டோம். மத்தியானம் புதுக் கம்பியோட ஒரு முனைய எடுத்துகினு பின்பக்கத்து பொந்துக்குள்ள எறங்கி, குப்புற படுத்துகினு, சுக்கான் தண்டு தலையில கீற இரும்புல மாட்டுனேன். இன்னொரு முனைய மச்சான் மேல சக்கரத்துல மாட்டணும். உள்ள பொரள கூட எடம் இல்ல, ஒரே டீசல் நாத்தம்.

"மாட்டிட்டியா மச்சான்?"

மேல இருந்து "உம்"னு சத்தம்.

"லெஃப்டுல ஒடி." இரும்பு லெஃப்டுல போச்சு. "ரைட்டுல." ரைட்டுல வந்துச்சு, வெண்ண மாதிரி. ஸோக்கா கீது, அப்டியே புடி, போல்ட்ட முறுக்கிக்கிறேன்னு கைய உள்ள வுட்டேன். வுட்டதுதான், மெதுவா திரும்ப ஆரம்பிச்சிச்சி, எங் கையயும் சேத்து நசுக்கிகினு. "நிறுத்து மச்சான், கை, கை!"னு கத்துறேன், நிக்கல, பெரிய அலைல மாட்டுனவன் உசுரப் புடிச்சிகினு சுக்கான ஒடிப்பான் பாரு, அந்த இழுப்பு. அப்பால சடார்னு வுட்டுடுச்சி. தோலு உரிஞ்ச கையோட, கோவத்துல மேல ஏறுனேன்.

யாருமே இல்ல. கம்பியோட மறுமுனை சக்கரத்தாண்ட சுருட்டுனது சுருட்டுன மாதிரியே கெடக்குது. சுத்தியிருந்த டேப்ப கூட பிரிக்கல. நம்புனா நம்பு, நம்பாட்டி போ.

மச்சான் யார்டு கேட்டாண்ட நின்னுகினு இருந்தாரு. நட்டு பத்தலன்னு கடைக்குப் போயிருக்காரு. நான் கீய எறங்கி ஓடுறேன், மனுசன் என்னப் பாத்து பின்னால பின்னால போறாரு. அப்பால கிட்ட வந்து என் சட்டையத் தொட்டுப் பாத்தாரு.

"மாப்ள, இப்ப நீ எங்க இருந்த?"

"பொந்துக்குள்ளதான். இன்னாத்துக்கு கேக்குற?"

"இல்லியே. நான் வரசொல்ல நீ மேல சக்கரத்தப் புடிச்சிகினு நின்னியே. கூப்ட்டேன், திரும்பல. தொப்பலா நனைஞ்சிருந்த மாப்ள, தலையில இருந்து தண்ணி கொட்டிகினே இருந்துச்சி."

அதுக்கு மேல அந்த போட்டுல நான் ஏறல. வேலைய வேற ஆளுங்கதான் முடிச்சாங்க. போட்டுக்கு ஒண்ணும் ஆவல, இன்னிக்கும் நல்லாத்தான் ஓடிகினு கீது. நானும் நல்லாத்தான் கீறேன், தொழிலாச்சே, ரிப்பேர் பண்ண போட்ட ஓட்டிப் பாக்க கடலுக்குப் போவாம முடியுமா?

ஆனா மச்சான் என்னாண்ட சொல்லாதது ஒண்ணு கீது. அவரு தங்கச்சி, அதான் எம் பொண்டாட்டியாண்ட மட்டும் சொல்லியிருக்காரு, ரொம்ப நாள் கயிச்சி அவ அழுதுகினே சொன்னா. மேல நின்ன எனக்கு தலமுடி பூரா வெள்ளையாம்.

அப்போ எனக்கு ஒரு முடி கூட நரைக்கல. இப்ப காதாண்ட ஆரம்பிச்சிருக்கு நைனா. டை அடிச்சிகினு கீறேன்.