ரத்தம் நிறுத்தின டிவி

சென்னியம்மாள் தன் தங்கை சாலம்மாளுக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, சாட்சியும் இல்லை. மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கிற சாலம்மாள், பட்டியில் நின்ற ஆடுகளில் நல்லதாகப் பார்த்துப் பிடித்துச் சந்தையில் விற்று, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்து அக்காள் மடியில் அவிழ்த்துவிட்டுப் போனவள். "முடியறப்பக் குடுக்கா" என்று ஒரு வார்த்தை. அதோடு சரி.

அந்த ஆட்டுப் பணத்தில்தான் எடப்பாடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடி அறையில், எட்டு டிவியும் எட்டு கேம் பெட்டியும் வந்து இறங்கின.

மூன்றாம் வகுப்பு தாண்டாத ஒரு பொம்பளை, அறுபது வயதில், வீடியோ கேம் கடை நடத்துகிறாள் என்றால் சேலம் ஜில்லாவில் இன்னொருத்தியைக் காட்ட முடியாது. இதைச் சென்னியம்மாளே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். சொல்லட்டுமே, பொய் ஒன்றும் இல்லை. புருஷன் போன பிறகு தள்ளுவண்டியில் சில்லி சிக்கன் போட்டவள் அவள். தறி ஓட்டுகிறவர்கள் ஷிப்டு முடிந்து நேராக அவள் வண்டிக்குத்தான் வருவார்கள். அந்த எண்ணெய்ச் சட்டியில் வந்த காசில் ஓட்டு வீட்டைக் கான்கிரீட் போட்ட தார்சு வீடாக்கினாள், மகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாள். அதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. முட்டி இரண்டும் தேய்ந்து நிற்க முடியாமல் போனபோதுதான், உட்கார்ந்து செய்கிற தொழில் வேண்டும் என்று மாடியில் மூடிக் கிடந்த பிரவுசிங் சென்டரைப் பிடித்தாள்.

"சில்லி போட்ட கை இனி பொத்தான் அமுக்கப் போகுதாக்கும்" என்று கீழே பேக்கரிக்காரர் கேலி செய்தார்.

"அமுக்கறவன் அமுக்கட்டும், நான் காசு வாங்கறேன்" என்றாள் சென்னியம்மாள்.

மணிக்கு நாற்பது ரூபாய். தறிக்காரப் பையன்கள், காலேஜ் பையன்கள், லீவில் ஊருக்கு வந்த போர்வெல் ரிக் வண்டி ஆட்கள் என்று சாயந்திரப் பொழுதோடு அறை நிரம்பிவிடும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தை மட்டும் பார்ப்பாள். டிவியில் என்ன ஓடுகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. எட்டு டிவியின் சத்தம் வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். படி இறங்க ஒரு பாடு, ஏற ஒரு பாடு. தொழில் ஓடுகிறது, உடம்புதான் ஓடவில்லை.

முதல் தவணையாகக் கொஞ்சம் சேர்ந்ததும் தங்கையை வரச்சொன்னாள். சாலம்மாள் ஒரு பை நிலக்கடலையோடு படி ஏறி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. எதிர் டிவியில் கத்திச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் இன்னொருவனின் கழுத்தை அறுக்க, ரத்தம் பீய்ச்சித் திரை முழுக்க வழிந்தது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

"என்னக்கா கருமம் இது?"

"கேமு."

"என்ற ஆட்ட வித்த காசு இதுக்கா?"

சென்னியம்மாளுக்குச் சுருக்கென்றது. "ஏன் அம்மிணி, நீ வித்த ஆடெல்லாம் கோயில்ல மேயுதா? கறிக்கடைக்குத்தான போச்சு?"

"கறிக்கடைக்குத்தான் போச்சு. ஆனா வண்டியில ஏத்தறப்ப நான் மொகத்தத் திருப்பிக்குவேன். இங்க காசு குடுத்து வந்து கண்ண முழிச்சுப் பாக்கறாங்க. சிரிக்க வேற சிரிக்கறாங்க."

சென்னியம்மாள் பணத்தை நீட்டினாள். சாலம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் காசு எனக்கு வேண்டாங்க்கா. வாங்கிட்டுப் போனா சோறு எறங்காது."

கடலைப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. ஆடி நோம்பிக்கும் வரவில்லை. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். கையில் காசை வைத்துக்கொண்டு கடன்காரியாகவே இருக்கிற கொடுமை சென்னியம்மாளுக்கு அதுவரை தெரியாது.

அதைவிடக் கொடுமை, அன்று முதல் அவள் கண் கடிகாரத்தை விட்டு டிவிக்குப் போய்விட்டது. ஒரு தடவை பார்த்தது பார்த்ததுதான். காலையில் இட்லிக்குத் தக்காளிச் சட்னியைத் தொட்டால் கை நின்றது.

கேம் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன் ஜெகதீஸ்வரன். பகலில் தறி மெக்கானிக், பொழுதோடு இங்கே. அவனைக் கூப்பிட்டாள்.

"ஏஞ்சாமி, ஆட்டம் இருக்கட்டும், ரத்தத்த மட்டும் நிறுத்த முடியுமா?"

"செட்டிங்ல ஆஃப் பண்ணிக்கலாங்க. பண்ணிட்டு அப்படியே கடையவும் ஆஃப் பண்ணிக்கலாம். சங்ககிரி ரோட்டுல ஏசி போட்டுப் புதுசாத் தெறந்துட்டான். எல்லாரும் அங்க போயிருவாங்க."

சென்னியம்மாளுக்குத் தன் சில்லி வண்டி நினைவுக்கு வந்தது. சிக்கனில் செக்கச்செவேல் என்று கலர் பொடி போடுவாள். அதைப் போடக் கூடாது என்று அதிகாரிகள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். சரி என்று நிறுத்தினாள். முதலில் 'ருசி போச்சு' என்றார்கள். அந்தப் பொடிக்கு ருசியே கிடையாது. போட்ட கைக்குத் தெரியாதா? உப்பும் காரமும் இஞ்சி பூண்டும் அப்படியே இருந்தன. கொஞ்ச நாளில் வெளுத்த சில்லியையும் அடித்துப் பிடித்துத் தின்றார்கள். இந்த ரத்தமும் அந்தப் பொடிதானோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. சந்தேகம்தான். தப்பாய்ப் போனால் வாடகை யார் கொடுப்பது?

"ஜன்னல் ஓரத்து டிவி ரெண்டுல மட்டும் நிறுத்து. யாருகிட்டயும் மூச்சு உடாத" என்றாள்.

குலசாமிக்கு நேர்ந்துகொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்து தனியாக வைப்பது அங்கே வழக்கம். கரண்ட் பில்லுக்கு ஆள் வந்து நின்றாலும் அதைத் தொட மாட்டார்கள். சென்னியம்மாள் அப்படி ஒரு துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, ஜன்னல் டிவியின் வரும்படியை மட்டும் அதில் போட்டாள். போனில் அனுப்புகிற காசு எல்லாக் காசோடும் கலந்துவிடும் என்பதால், அந்த இரண்டு டிவிக்கும் கைக்காசுதான்.

"ஏனுங்கம்மா, ஜன்னலுக்கு மட்டும் ஜிபே கெடையாதுங்களா?"

"அது சாமிக் காசு. எடுத்து வைய்யி."

முதல் நாள் ஒருவன் திரையைத் தட்டிப் பார்த்தான். "டிவி கலர் போயிருச்சுங்களா?"

"பழைய டிவி கண்ணு. எனக்கே கலர் போயிருச்சு."

இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஆனால் அடுத்த வாரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சென்னியம்மாள் இப்போது டிவியைப் பார்க்காமல் ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். தோற்கிறபோது பல்லைக் கடிக்கிறார்கள். ஜெயிக்கிறபோது பக்கத்தில் இருப்பவனின் முதுகில் அறைகிறார்கள். தோற்றவன் இன்னொரு நாற்பதை எடுத்து வைக்கிறான். ரத்தம் வழிகிற டிவியிலும் அதே முகம், வழியாத டிவியிலும் அதே முகம். மஞ்சள் துணி மற்றக் காசுக்குச் சமமாகப் பெருத்தது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் சென்னியம்மாள் இல்லையே. தான் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நவீன்குமார் என்று ஒருவன். ரிக் வண்டியில் வடக்கே போய்விட்டு வந்தவன், வாய் பெரிது. ஒரு சாயந்திரம் முழுக்க ஜன்னல் டிவியில் ஆடி ஜெயித்துவிட்டுக் கூட வந்தவர்களிடம் அளந்துகொண்டிருந்தான். "ஏசிக் கடையில புதுசா ஒண்ணு போட்டிருக்கான்டா. ரத்தம் அப்படியே நம்ம மேல தெறிக்கும். ரத்தமில்லாம என்னடா கேமு?"

"சாமி, இப்ப ஆடுனியே, அதுல ரத்தம் என்ன கலரு?" என்றாள் சென்னியம்மாள்.

"செவப்புத்தானுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

அவன் திரும்பி ஒருவனைக் குத்தினான். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் குத்தினான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அட, ஆமாங்க. எப்ப இருந்துங்க இப்படி?"

"நீ நேத்து ஜெயிச்சப்பவும் இப்படித்தான். முந்தாநேத்துத் தோத்தப்பவும் இப்படித்தான்."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் ஆடினான். பிறகு கையில் இருந்ததைக் கீழே வைத்தான். "தெரியாம இருந்தப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. தெரிஞ்சதுக்கப்பறம் சப்புன்னு ஆயிருச்சு. ரத்தத்தப் போட்டு உடுங்க."

"அந்த டிவிக்குப் போட மாட்டேன்."

அவன் எழுந்தான், கூட நாலைந்து பேரும் எழுந்தார்கள். படியில் அவர்கள் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சென்னியம்மாள் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள். வண்டியிலும் இப்படித்தான், 'நம்ம சில்லியில கலர் பொடி கெடையாது' என்று அட்டை எழுதி மாட்டிப் பெருமை அடித்தபோதுதான் வியாபாரம் படுத்தது. அட்டையைக் கழற்றிய பிறகு எழுந்தது.

அந்த மாதம் வாடகைக்கு மகளிடம் போய் நின்றாள். மஞ்சள் துணியைத் தொடவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நவீன்குமார் திரும்ப வந்தான். எந்த டிவி என்றுகூடக் கேட்காமல் காலியாக இருந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஏசி ஒத்துக்கலையாட்ட இருக்குது?"

"மணிக்கு எழுவது ரூவா புடுங்கறானுங்க. மொத நாள் ரத்தம் ஜம்முன்னு இருந்துச்சு. அப்பறம் அதும் இதும் ஒண்ணுதானுங்க. இங்கன்னா நம்ம செட்டு இருக்குது, தோக்கடிச்சா மூஞ்சியப் பாக்கலாம்."

சென்னியம்மாள் ஜெகதீஸ்வரனிடம் சொல்லி ஒவ்வொரு டிவியாக ரத்தத்தை நிறுத்திக்கொண்டு வந்தாள். எட்டில் ஆறு நின்றது. மூலையில் இரண்டை மட்டும் விட்டுவைத்தாள். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், வாடகையும் இருக்கிறது. துணி நிறைந்து, இரண்டாவது துணியும் நிறைந்து, தொண்ணூறாயிரம் சேர்ந்ததும், வலிக்கிற முட்டியோடு ஜலகண்டாபுரம் வழியாக மேச்சேரி பஸ் ஏறினாள்.

பட்டியில் தழை கட்டிக்கொண்டிருந்த தங்கையிடம், "நீயே ஒருக்கா வந்து பாரு. பாத்துட்டும் வேண்டாம்னா நான் மறுக்கா நீட்ட மாட்டேன்" என்றாள்.

"வாரேன் போ" என்றாள் சாலம்மாள், தழையை விட்டுத் தலை நிமிராமல்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். சென்னியம்மாள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். சாலம்மாள் மூலை டிவிப் பக்கம் பார்த்தாள்.

"அது?"

"அது வாடகைக்கு. உன்ற காசு அதுல இருந்து வல்ல. சாமி சத்தியமா ஒத்தை ரூவா வல்ல."

"அது உன்ற பாடு" என்று சாலம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பச்சைச் சட்டைக்காரனும் கறுப்புச் சட்டைக்காரனும் திரையில் முட்டிக்கொண்டார்கள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுலயும் கொல்லத்தான செய்யறான்."

"கொல்றான். அடுத்த ஆட்டத்துல எந்திரிச்சு வந்துருவான்."

"அன்னைக்குப் பாத்தவன் எந்திரிப்பான்னு எனக்குத் தோணல." சாலம்மாள் முன்னால் குனிந்தாள். "அந்தப் பச்சச் சட்டைக்காரன் ஏன் இப்படி ஓரமாவே நிக்கறான்? அடி வாங்கப் போறான் பாரு."

பச்சைச் சட்டைக்காரன் அடி வாங்கி விழுந்தான். சாலம்மாள் உச்சுக் கொட்டினாள். அடுத்த ஆட்டத்தில் அவன் எழுந்து வந்ததும், அக்காளைப் பார்க்காமலே, முந்தானைக்குள் இருந்த வலது கையை எடுத்து விரித்து நீட்டினாள். ஆட்டுப் புழுக்கையும் தழையும் பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை.

சென்னியம்மாள் முடிச்சுகளை அவிழ்த்தாள். ஐந்நூறும் நூறும் ஐம்பதுமாக, விளிம்பெல்லாம் மஞ்சள் பட்ட நோட்டுகள். எச்சில் தொட்டு, உதடு அசைய, அந்தக் கையின் மேல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்.