மோரீனின் மரண அறிவித்தலோடு ஐரிஷ் வானொலிக்கு ஒரு பஸ் பயணம்

நயாகராவைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எழுதமாட்டேன். அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த முறை நான் போனது ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் இருக்கிற சின்ன வானொலி நிலையத்துக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது தொடக்கம் பத்து மணி வரை, அங்கே ஐரிஷ்காரருக்கென்று ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. பாட்டுக் கொஞ்சம், அரட்டை நிறைய. அயர்லாந்தில் மழை எப்படி, எந்த ஊர் எந்த ஊரைப் பந்தாட்டத்தில் வென்றது, சோடா ரொட்டிக்கு மோர் எவ்வளவு விடுவது என்று ஒரு மணித்தியாலம் போய்விடும். தமிழச்சிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

மோரீன் செத்துப்போனாள். அதுதான் வேலை.

ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நானும் செல்வியும் பௌசியாவும் வேலை செய்கிறோம். செல்வி யாழ்ப்பாணம், பௌசியா புத்தளம். மோரீன் எங்கள் தலைமைச் சமையல்காரி. போன வருடம் ஓய்வுபெறும் வரைக்கும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே அடுப்படி. கல்யாணம் கட்டவில்லை, பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களும் அவளுக்கு முன்னமே போய்விட்டார்கள். ஒரு சனிக்கிழமை நித்திரையிலேயே போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அடக்கம். எல்லாவற்றையும் முன்கூட்டியே தானே ஒழுங்குபண்ணி, தொடர்புக்கு என் பெயரைக் கொடுத்து வைத்திருந்தாள். அறிவித்தல் ஒன்றைத்தான் ஒழுங்குபண்ணவில்லை.

எங்கள் சமையலறையில் ஒன்பதிலிருந்து பத்து வரை அவளுடைய ஐரிஷ் நிகழ்ச்சி. பத்து மணிக்குப் பிறகு எங்கள் தமிழ் வானொலி. அதில் மரண அறிவித்தல் வந்தால் நாங்கள் மூவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். என்ன அது என்று மோரீன் கேட்டாள். சொன்னேன். தங்கள் ஊரிலும் வானொலியில் அப்படித்தான் வாசிப்பார்கள், அந்த நேரம் அம்மா கையைத் தூக்கினால் வீடே வாயை மூடவேண்டும் என்றாள். ஆனால் எங்கள் அறிவித்தலில் மருமக்கள், பெறாமக்கள், சம்பந்தி என்று ஒருவர் விடாமல் பெயர் வருவது அவளுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. தன் பெயருக்குப் பின்னால் வாசிக்க ஆள் இல்லையே என்று ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். ஆள் இருக்கு, நீ செத்துப் பார் என்றேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

ஆகவே திங்கட்கிழமை அந்த நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நிகழ்ச்சியின் தயாரிப்பாளன் ஒரு இளம் பெடியன், கொனர் என்று பெயர். தங்களது அரட்டை நிகழ்ச்சி, மரண அறிவித்தல் வழக்கமில்லை, குடும்பத்தார் அனுப்பினால் மட்டும் பார்ப்போம் என்றான். யாரோ ஒருமுறை உயிரோடு இருந்த மனிதரைச் செத்ததாகச் சொல்லி வாசிக்க வைத்துவிட்டார்களாம். நியாயம்தான். நீங்கள் குடும்பமா என்று கேட்டான். ஓம் என்றேன். எப்படி என்றான். ஒரே அடுப்படி என்று சொன்னேன். மன்னிக்கவேண்டும் என்று வைத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உது எங்கட அலுவல் இல்லை. அவையின்ர ஆக்கள் பாப்பினம்" என்றார்.

"அவையின்ர ஆக்கள் ஆர்? ஒராளைச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செத்தவீடென்றால் சனம் வேண்டும். வெறும் கதிரைகளுக்கு முன்னால் அவளை வைத்துவிட்டு வர நான் ஆயத்தமாக இல்லை.

புதன்கிழமை லீவு போட்டேன். மில்லிக்கனில் எங்கள் வீட்டிலிருந்து காலை 6.40க்கு வெளிக்கிட்டு, ஸ்ரீல்ஸ் வீதிச் சந்தியில் கென்னடி பஸ் எடுத்தேன். பயணக் கார்ட் தட்டினால் 3 டொலர் 30 சதம், இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தரமும் மாறி ஏறலாம், ஆகவே சப்வே ரயிலுக்குத் தனிக் காசு இல்லை. முன் இருக்கையில் இருந்தேன். சாரதி எங்கட பெடியன். சிவப்பு விளக்கில் நின்றபோது, இந்தக் குளிருக்குள் எங்கே அன்ரி என்று விசாரித்தான். சொன்னேன். பச்சை விழுந்து, அடுத்த சிவப்பு வரைக்கும் யோசித்தான்.

"எங்கட றேடியோவில குடுங்கோவன் அன்ரி. காசைக் கட்டினா வாசிப்பினம்."

"எங்கட ஆக்களுக்கு மோரீனைத் தெரியாது தம்பி. அவளைத் தெரிஞ்சவைக்கெல்லோ கேக்கோணும்."

"உதுவும் சரிதான்" என்றான். இறங்கும்போது, விடாதேங்கோ அன்ரி என்றும் சொன்னான். அந்தப் பெடியன் நல்லாயிருக்கவேணும்.

கென்னடி நிலையத்தில் 7.20க்கு சப்வே ஏறி, டண்டாஸ் வெஸ்ற்றில் இறங்க எட்டு மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து பத்து நிமிட நடை. வீட்டிலிருந்து முப்பது கிலோமீற்றர் அளவில் வரும். கீழே ஒரு கோப்பிக் கடை இருக்கிறது, 2 டொலருக்குத் தேநீர், பரவாயில்லை. ரோல்ஸ், வடை ஒன்றும் நான் கொண்டுபோகவில்லை. பலகாரம் கொடுத்து ஆளைக் கவிழ்க்கிற எண்ணம் எனக்கில்லை, வெறுங்கையோடுதான் போனேன்.

மணியை அழுத்தினால் கொனர் வந்து கதவைத் திறந்தான். மரியாதையான பிள்ளை. மின்னஞ்சல் அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றான். இந்த நாட்டு மரியாதை கதவைச் சத்தமில்லாமல் சாத்தும். சரி அனுப்புகிறேன், இப்போது இங்கே இருக்கிறேன் என்று சொல்லி உள்ளே கிடந்த நீள வாங்கில் இருந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் ஊனா. இத்தனை வருடமாகச் சமையலறையில் கேட்ட குரலுக்கு இப்போதுதான் முகம் கிடைத்தது: அறுபது வயதிருக்கும், நரைத்த குட்டைத் தலைமயிர், கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி.

ஒரு நீளப் பாட்டைப் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தார். கையில் இருந்த தாளைக் கொடுத்தேன். எங்கள் முறைப்படி, ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அயர்லாந்து மேயோவைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட மோரீன் அவர்கள் சனிக்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற பற்றிக், நோரா தம்பதிகளின் அன்பு மகளும், (இங்கே எங்கள் மூன்று பேரின் பெயர்கள்) ஆகியோரின் ஆருயிர்ச் சகோதரியும், எங்கள் பிள்ளைகளின் பாசமிகு பெரியம்மாவும், எங்கள் வீட்டுக்காரர்களின் அன்பு மச்சாளும் ஆவார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினவரின் பெயரையும் விடாமல் போட்டிருந்தேன்.

ஊனா நின்றபடியே வாசித்தார். அடக்கத்தைப் பார்க்கிற மலர்ச்சாலைக்கு அழைத்துச் சரிபார்க்கும்படி கொனரிடம் சொன்னார். மரணம் உண்மை, நாளும் நேரமும் உண்மை. அப்போ பெயர், இடம், நேரம் மட்டும் வாசிக்கிறேன், இந்தச் சொந்தக்காரப் பகுதியை எடுத்துவிடுவோம் என்றார். பெயரும் நேரமும் மட்டும் வாசித்தால் அது பஸ் வருகிற நேரம், அறிவித்தல் இல்லை என்றேன். இவர்கள் குடும்பம் இல்லையே என்றார் தயவாக. அந்தத் தயவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் சமையலறை ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

"குடும்பம் இல்லை எண்டு நீங்கள் சொல்லுறியள். அப்ப வெள்ளிக்கிழமை வாசலில நிக்கப்போறது ஆர்? பேரைச் சொல்லுங்கோ, அதை எழுதிவிட்டு எங்கட பேரை வெட்டுறன்."

பாட்டு முடியப்போகிறது என்று கொனர் கையைக் காட்டினான். ஊனா தாளைத் திருப்பி என்னிடம் தந்தார். குடும்பத்தார் மட்டும் என்ற விதியைப் போட்டதே தான்தான், அதனால் தன் வாயால் சொல்லமுடியாது, நீ வந்து உன் வாயால் சொல் என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

9.40 அளவில் நான் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தேன். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தேன். ஒரு பெயரையும் விடவில்லை. எங்கள் அறிவித்தல்கள் முடிகிற வரியை முதலில் தமிழிலேயே சொன்னேன்: தகவல், குடும்பத்தினர். பிறகு அதை ஆங்கிலத்திலும் சொன்னேன். இரண்டு நிமிடம் பிடித்தது. ஊனா அடக்கம் நடக்கிற இடத்தையும் நேரத்தையும் இன்னொரு தரம் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார்.

போகப்போகிறவர்களுக்கு: முதல் கார்ட் தட்டி இரண்டு மணித்தியாலம் தாண்டித் திரும்பினால் இன்னொரு 3.30 போகும். மேல்மாடிக்கு லிப்ட் இல்லை, படி செங்குத்து. முன்கூட்டிச் சொன்னால் பார்வையாளரை உள்ளே விடுவார்கள், அன்பான ஆட்கள். அறிவித்தல் கொண்டுபோகிறவர்கள் மலர்ச்சாலையின் இலக்கத்தை மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள். மாட்டோம் என்று சொன்னால் கோபப்பட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். கோபப்படுங்கள், ஆனால் இருந்துகொண்டு கோபப்படுங்கள்.

வெள்ளிக்கிழமை, குடும்பத்தார் எங்கே நிற்பீர்கள் என்று மலர்ச்சாலைக்காரர் கேட்டார். நான், செல்வி, பௌசியா மூவரும் வாசலில் வரிசையாக நின்றோம். கதிரைகளில் பாதிக்கு மேல் நிரம்பின. அவளோடு நடனத்துக்குப் போனவர்கள் சிலர். மிச்சம் பேர் அவளை முன்பின் கண்டதே இல்லை, வானொலியில் கேட்டதால் வந்தவர்கள். தூரத்துப் பிறம்ரனிலிருந்து மகனைக் கார் ஓட்டவைத்து வந்த ஒரு கிழவர், தங்கள் ஊரில் மரண அறிவித்தலைக் கேட்டால் போகத்தான் வேண்டும் என்றார். எங்கட ஊரிலும் அப்படித்தான் என்றேன்.

அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. குடும்பத்தின் வரிசையில் ஒருவரையும் விடாமல் கைகொடுத்து, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். பாதியில் பார்த்தால் என் வீட்டுக்காரர் வந்திருக்கிறார், கறுப்புக் கோட்டோடு. ஒருவரும் சொல்லாமலே வரிசையின் கடைசியில் போய் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார். மச்சாள் அல்லவா.

எப்படிச் சொந்தம் என்று அன்றைக்கு ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இருந்து பதில் சொல்ல எனக்கு முழுநாளும் இருந்தது.